பொத்தானை எண்ணிப் பார்: புவெனோஸ் ஐரிஸில் ஆறு நாள்

முதல் நாள், சனி, ஜூலை 8

எசெய்சா விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர 8-ஆம் எண் பேருந்தில் ஏறினேன். கஞ்சத்தனம்தான், வேறென்ன. டாக்சி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வந்திருக்கலாம். பேருந்து நின்று நின்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. மிச்சம் பிடித்த காசில் சான் தெல்மோவில் இறங்கியதும் ஒரு காப்பியும் மூன்று மேதியாலூனாவும். பிறை வடிவத்தில், மேலே பாகு தடவிய ரொட்டி. ஜெர்மனியில் கோடை விடுமுறை. இங்கே நடுக் குளிர்காலம். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்தது தப்பு.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் இந்த ஊர்க்காரன். அவனுடைய ‘தியா’ இங்கே போயெதோ பகுதியில் தனியாக இருக்கிறார். அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. ஸ்பானிஷில் எல்லாருக்கும் ஒரே சொல். குடைந்து கேட்டதில் அப்பாவின் அக்கா என்று தெரிந்தது. அப்படியானால் அத்தை. அத்தையின் கணவர், அதாவது மாமா, பந்தோனியோன் வாசித்தவர். டாங்கோவுக்கு வாசிக்கும், பொத்தானும் துருத்தியும் உள்ள பெட்டி அது. மாமா போய் 19 வருடம் ஆகிறது. பெட்டி அலமாரி மேல் கிடக்கிறது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் 600 டாலர் தருகிறேன் என்று வாராவாரம் கதவைத் தட்டுகிறாராம். “நீ பார்த்து, என்ன பெறும் என்று சொல்லிவிட்டு வா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே” என்றான் நண்பன்.

எனக்குத் தெரியும் என்று அவன் நினைக்க இரண்டு காரணம். ஒன்று, என் தாத்தா மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அவர் பெட்டியைப் பிரித்துப் போட்டு ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு, சுரண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு, போன வருடம் கெம்னிட்ஸில் ஒரு பழம்பொருள் சந்தையில் ‘பந்தோனியோன்’ ஒன்றை 260 யூரோவுக்கு வாங்கி அலுவலகம் முழுக்கப் பெருமை அடித்திருந்தேன்.

வாங்கியது என்ன என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சதுரப் பெட்டி, இரண்டு பக்கமும் பொத்தான், நடுவில் துருத்தி. விற்றவர் “டாங்கோ, டாங்கோ” என்று தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து பொத்தான்களை எண்ணினால் 52. டாங்கோ வாசிக்கும் பந்தோனியோனுக்கு 71 இருக்க வேண்டும்: வலது கைக்கு 38, இடது கைக்கு 33. நான் வாங்கியது கான்செர்டினா. அதைக் கண்டுபிடித்தவர் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஊலிக், கண்டுபிடித்த ஆண்டு 1834, ஊர், கெம்னிட்ஸ். நான் குடியிருக்கும் அதே கெம்னிட்ஸ்! பிறந்த ஊரிலேயே வைத்து அதை அடையாளம் தெரியாமல் வாங்கியிருக்கிறேன்.

ஊலிக்கின் முதல் பெட்டியில் பக்கத்துக்கு 5 பொத்தான்தான். துருத்தியை விரித்தால் ஒரு சுரம், சுருக்கினால் வேறு சுரம், ஆக 20 சுரம். கிரேஃபெல்ட் ஊரில் இசை சொல்லிக்கொடுத்து, கருவிகளும் விற்ற ஹைன்ரிஷ் பாண்ட் 1840-களில் இதையே பெரிதாக்கிச் செய்யச் சொல்லி விற்றார். பாண்ட் விற்றது பாண்டோனியன். கப்பலேறித் தென் அமெரிக்கா வந்ததும் பந்தோனியோன். நடுவில் இருந்த பழைய பொத்தான்களைக் கலைக்காமல் சுற்றிலும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனதால், இன்று பார்த்தால் யாரோ சுண்டலை இறைத்ததுபோல் சுரங்கள் சிதறிக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்துப் பொத்தான் பக்கத்துச் சுரமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்தோம்.

கண் சொக்குகிறது. நாளை ஞாயிறு, சந்தை.

இரண்டாம் நாள், ஞாயிறு, ஜூலை 9

இன்று அர்ஜென்டினாவின் சுதந்திர தினம். பால்கனிகளில் வெளிர்நீல, வெள்ளைக் கொடிகள். தெருமுனையில் அண்டா வைத்து லோக்ரோ விற்றார்கள். சோளம், பூசணி, பீன்ஸ், இறைச்சி எல்லாம் குழையக் கொதித்த கூழ். இந்தக் குளிருக்கு அமிர்தம்.

சான் தெல்மோவின் ஞாயிற்றுச் சந்தை பிளாசா தோர்ரேகோ சதுக்கத்தில் 1970-இல் தொடங்கியது. இப்போது தெஃபென்சா தெரு நெடுகக் கடைகள். சோடா பாட்டில், பழைய பூட்டு, கிராமபோன் குழல், மேட்டே என்ற இலைத் தேநீர் குடிக்கும் சுரைக் குடுவை. மூன்றாவது சுற்றில்தான் அதைப் பார்த்தேன். கறுப்பு வெல்வெட் விரித்து, அதன்மேல் பந்தோனியோன். உடம்பெல்லாம் முத்துச்சிப்பி. பூ, கொடி, இலை என்று சிப்பியை அறுத்துப் பதித்திருக்கிறார்கள். வெயில் பட்டதும் மயில் கழுத்து நிறம் ஓடுகிறது. பெட்டியின் முகத்தில் கொடி வேலைப்பாட்டில் இரண்டு ‘ஏ’ எழுத்துகள்.

அந்த இரட்டை ‘ஏ’தான் இங்கே தங்க முத்திரை. ‘தோப்லே ஆ’ என்கிறார்கள். செக் எல்லையை ஒட்டிய எர்ட்ஸ் மலையில் கார்ல்ஸ்ஃபெல்ட் என்று ஒரு கிராமம். அங்கே ஆல்ஃபிரெட் ஆர்னோல்ட் 1911-இல் தொடங்கிய தொழிற்சாலையின் முத்திரை அது. அதற்கு முன்பே அதே கிராமத்தில் அவருடைய அப்பா எர்ன்ஸ்ட் லூயிஸ் ஆர்னோல்ட் ‘எலா’ முத்திரையில் செய்து வந்தார். ‘பிரெமியர்’ என்று பெயர் போட்ட பெட்டிகளும் ஆல்ஃபிரெட் ஆர்னோல்ட் பட்டறையிலிருந்து வந்தவைதான். கிராமத்தில் செய்தவற்றில் பெரும்பகுதி கப்பலேறி இந்த லா பிளாட்டா நதிக்கரைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் இருந்த தொழிற்சாலை 1948-இல் அரசுடைமை ஆயிற்று. பிறகு அங்கே டீசல் எந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்தார்கள். டாங்கோவுக்கு நாக்கு செய்த கைகள் எரிபொருள் பம்புக்குப் போய்விட்டன. அதனால்தான் போருக்கு முந்திய தோப்லே ஆ என்றால் இங்கே குரல் தணிந்துவிடுகிறது. டாங்கோ இசையமைப்பாளர் பியாசோலா தன் இசை ஒன்றின் தலைப்பிலேயே இந்த முத்திரையின் பெயரை வைத்திருக்கிறார்.

சரி, சந்தைக்கு வருவோம். விலை கேட்டேன். 4,500 டாலர், ரொக்கம். பொத்தான்களை எண்ணினேன். கடைக்காரர் சிரித்தார். வலது 38, இடது 33. சரியாக இருந்தது. ஆக 142 சுரம், 142 நாக்கு. துருத்தியை விரித்தால் முனகாமல் விரிந்தது. உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. “இது கடிகாரம் மாதிரி. திறந்தால் கெட்டுவிடும்” என்றார். ஆர்மோனியத்தை ஆயிரம் தடவை திறந்து மூடிய வீட்டில் பிறந்தவனிடம் இப்படிச் சொல்கிறாரே என்று இருந்தது. ஆனாலும் அந்தச் சிப்பியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், திங்கள், ஜூலை 10

இந்தெபெந்தென்சியா நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, ஈ வரிசையில் போயெதோ. பழைய நடுத்தர வர்க்கத் தெருக்கள், இலை உதிர்ந்த மரங்கள். அத்தைக்கு வயது 81. கதவைத் திறந்ததும் கன்னத்தில் முத்தம் கொடுத்து உள்ளே இழுத்தார். என் ஸ்பானிஷ் காய்கறி வாங்கப் போதும். மற்றதெல்லாம் கைபேசி மொழிபெயர்ப்பு. அது ‘துருத்தி’ என்பதற்கு ஒருதரம் ‘நுரையீரல்’ என்று சொன்னது. அத்தை “அதுவும் சரிதான்” என்றார்.

அலமாரி மேலிருந்து பெட்டியை நானே இறக்கினேன். ஏழெட்டுக் கிலோ இருக்கும். உறைப்பெட்டிக்குள் சிவப்புத் துணி, அதன் மடிப்பில் ஒரு பாச்சை உருண்டை, ஒரு டிராம் சீட்டு, அதன் அடியில் கருவி. வெறும் கறுப்பு. ஒரு சிப்பி இல்லை, ஒரு பூ இல்லை. வலது பக்கத் தகட்டில் மட்டும் கொடி வேலைப்பாடு, இரட்டை ‘ஏ’. முந்தின நாள் மயிலைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது காக்கா.

எண்ணினேன். 38, 33. பொத்தான்களில் நடுவில் உள்ளவை விரல் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தன. ஓரத்தில் உள்ளவை தட்டையாகப் புதிதுபோல் இருந்தன. வலது கைத் தோல்வார் ஓரம் பிய்ந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தும் காற்றுத் திறப்பு வலது பக்கம் இருக்கும். அந்த நெம்புகோலில் முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தது. துருத்தியை மெதுவாக விரித்தேன். மூன்று மடிப்புக் கூட்டம், நடுவில் இரண்டு மரச் சட்டம். பொத்தான் எதையும் தொடாமல் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். காற்றுப் பிடிக்கும் துருத்தி என்றால் அடுத்த பக்கம் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். இது மூன்று விநாடியில் தொப்பென்று இறங்கியது.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிமிஷம், “காற்று போகிறது, 1,000 டாலருக்கு மேல் பெறாது, நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்ல வாய் வந்தது. பையில் அதைவிடக் கூடுதல் பணம் இருந்தது. மதிப்பு சொல்ல வந்தவனும் நான், வாங்க ஆசைப்படுபவனும் நான். அத்தை எதிரில் உட்கார்ந்து மேட்டே குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “என்ன, 600 சரியா?” என்றார். “இல்லை அத்தை, கூடவே பெறும். விஷயம் தெரிந்தவர் திறந்து பார்க்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கொஞ்சம் வருத்தமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அத்தைக்கு அறிமுகம். மாமா காலத்து ஆள். புதன்கிழமை வரச் சொன்னார்.

நான்காம் நாள், செவ்வாய், ஜூலை 11

இன்று தேசிய பந்தோனியோன் தினம். 1914-இல் இதே தேதியில் பிறந்தவர் பந்தோனியோன் மேதை அனிபல் த்ரொய்லோ. அவர் பிறந்தநாளை அரசு பந்தோனியோனுக்கே கொடுத்துவிட்டது. பி வரிசை ரயிலில் சக்கரீத்தா கல்லறைத் தோட்டம் போனேன். டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெல் சிலையின் விரல் இடுக்கில் யாரோ சிகரெட் பற்றவைத்து வைத்திருந்தார்கள். இது அன்றாடம் நடப்பதாம். த்ரொய்லோவும் இங்கேதான் இருக்கிறார். பூ வைக்க வந்த ஒருவர் கருவியைக் கொண்டுவந்திருந்தார். ஒரு காலைக் கல்லின் மேல் வைத்து, முழங்காலில் பெட்டியை ஏற்றி, இரண்டு நிமிஷம் வாசித்தார். கவனித்துப் பார்த்தேன். விரிக்கும்போதுதான் பாட்டு. முழுக்க விரிந்ததும் கட்டைவிரலால் காற்றுத் திறப்பை அழுத்தி, ‘ஹ்ஹா’ என்று ஒரே மூச்சில் சுருக்கிவிட்டு, மறுபடி விரிக்கிறார். சுருக்கும் திசையின் பொத்தான்கள் பாதி நேரம் சும்மா இருக்கின்றன. இந்த ஊர்க்காரர்கள் பேச்சுவழக்கில் கருவியையே ‘ஃபுவெஷே’, அதாவது துருத்தி, என்று சொல்வது ஏன் என்று புரிந்தது.

ராத்திரி கச்சேரி எதற்கும் போகவில்லை. சுற்றுலாக்காரர்களுக்கான டாங்கோ இரவு உணவுக்குச் சொன்ன விலையில் ஒரு நல்ல தோல்வார் வாங்கலாம்.

ஐந்தாம் நாள், புதன், ஜூலை 12

முதலில் ஒரு திருத்தம். ஞாயிறன்று 142 நாக்கு என்று எழுதினேன். தப்பு. 142 சுரம்; நாக்கு 284. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு நாக்கு, ஒன்றுக்கு மேல் ஸ்தாயியில் இன்னொன்று. நம் டபுள் ரீடு ஆர்மோனியம் மாதிரிதான். இன்று கண்ணால் பார்த்தேன்.

அத்தை பெட்டியை என்னிடம் தனியாகக் கொடுக்க மாட்டேன் என்று தானும் டாக்சியில் வந்தார். நியாயம்தான். பெரியவரின் பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் பின்கட்டில். சுவரெல்லாம் அரம், சுரண்டி, கொறடு. மேசையில் கால்மிதி அளவுக்கு ஒரு பச்சைக் கம்பளித் துண்டு. அதன்மேல் கருவியைப் படுக்கவைத்து, எதுவும் பேசாமல், முதலில் மோந்து பார்த்தார். ஈரம் குடித்த பெட்டி என்றால் வாசனையே சொல்லிவிடுமாம். பிறகு திருகுகளைக் கழற்றினார். கழற்றும் முன் ஒவ்வொரு திருகுத் தலையையும் விரலால் தடவினார். காடி பிய்ந்திருந்தால் யாரோ அவசரத்தில் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் பிய்யவில்லை.

உள்ளே பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. மரப் பலகையில் வரிசை வரிசையாக நீளத் தகடுகள், ஒவ்வொரு தகட்டிலும் பெரிதிலிருந்து சிறிதாக எஃகு நாக்குகள் கடாவி வைத்திருக்கிறார்கள். தகட்டை இங்கே ‘பெய்னே’ என்கிறார்கள். சீப்பு என்று பொருள். பார்த்தால் சீப்புதான். நாக்கை ‘வோஸ்’, குரல், என்கிறார்கள். நாம் நாக்கு என்கிறோம், அவர்கள் குரல் என்கிறார்கள்.

பெரியவர் ஒரு காந்தத்தை எடுத்து வேடிக்கை காட்டினார். நாக்கில் ஒட்டியது, தகட்டில் ஒட்டவில்லை. பிறகு தகட்டை விரல் நகத்தால் தட்டினார். மந்தமான, கனத்த ஒலி. “துத்தநாகம்” என்றார். பழைய தோப்லே ஆ பெட்டிகளின் குரலுக்குத் துத்தநாகத் தகடுதான் காரணம் என்பது அவர் கட்சி. பிற்காலத்தில் எடை குறைய அலுமினியத் தகடு போட்டவையும் உண்டு. அவை வெளிச்சமாக, கொஞ்சம் கூச்சலாகப் பேசும், விலையும் இறங்கிவிடும். எங்கள் ஊரில் ஆர்மோனியம் விற்பவர்கள் “ஜெர்மன் ரீடு சார்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வது நினைவு வந்தது. பெட்டி எந்த மரமாக இருந்தாலும் விலையைச் சொல்வது ரீடுதான்.

அடுத்தது எண். பெட்டியின் மரத்திலும், உள்ளே பலகையிலும், மறுபக்கப் பாதியிலும் வரிசை எண் குத்தியிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே எண். அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, அத்தை கூடவே திருப்பிச் சொன்னார், தம்போலா விளையாட்டு மாதிரி. நான் கைபேசியில் சந்தைச் சிப்பிப் பெட்டியின் படங்களைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இடது பக்கச் சிப்பிப் பூவுக்கு ஆறு இதழ், வலது பக்கப் பூவுக்கு ஐந்து இதழ் என்று காட்டினார். “இரண்டு வீட்டுப் பிள்ளைகள். யாரோ கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறார்கள்.” இடப்பாதி ஒரு கருவி, வலப்பாதி வேறு கருவி. வெளியே வேலைப்பாடு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குச் சேர்த்துக் கேட்பார்கள், முழுச்சிப்பி, அரைச்சிப்பி, வெறும் கறுப்பு என்று தரம் பிரித்து. ஆனால் வாசிக்கிறவன் முதலில் கேட்பது திறக்கலாமா என்றுதான். நான் பத்து நிமிஷம் அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், இதழை எண்ணவில்லை!

பிறகு நாக்கு நாக்காகப் பார்த்தார். இதற்குத்தான் அதிக நேரம், ஒரு மணிக்கு மேல். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும்; இது எனக்குத் தாத்தா சொன்னது, உலகம் முழுக்க ஒன்றே. ஆனால் ஒவ்வொரு சுரண்டலும் எஃகைத் தின்கிறது. இருபது கைக்குப் போன பெட்டியில் நாக்கு பிளேடு மாதிரி மெலிந்து, குரல் பிசிறடிக்கும். அதைத் திருப்பி ஒட்டவைக்க முடியாது. ஒடிந்த நாக்குக்கு மாற்று வைத்திருந்தால் எத்தனை என்று எண்ணி விலையில் கழிப்பார். துத்தநாகத்தில் வெள்ளைப் பூச்சாக அரிப்பு விழுந்திருக்கிறதா, நாக்கில் துரு இருக்கிறதா, தகட்டுக்கு அடியில் தோல் இறுகிப்போயிருக்கிறதா, இதெல்லாமும் கணக்கு. துருத்தி ஓட்டை? கையை வீசினார். தோலும் பசையும் ஒரு வாரமும் போதும். நான் மூன்று விநாடிச் சோதனை செய்து பயந்ததற்கு விலையில் பெரிய எடை இல்லை.

எங்கள் பெட்டியில் மூன்று நாக்கு மாற்றியது. துரு ஓரிரண்டில் புள்ளியாக. அப்புறம் அவர் என்னைக் கூப்பிட்டு விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். ஒரே தகட்டில் விரிக்கும் திசை நாக்குகளில் எல்லாம் அரம் பட்ட நுண்கோடுகள், கோலம் அழித்த தரை மாதிரி. சுருக்கும் திசை நாக்குகள் தொழிற்சாலையில் எப்படி வந்தனவோ அப்படியே, நீலம் பாரித்து, ஒரு கீறல் இல்லாமல். “விரித்தே வாசித்தவர்” என்றார். பலகையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கையெழுத்தும் 1961 என்ற ஆண்டும். பழைய பழுதுகாரர் எழுதியது. பெரியவர் அந்தக் கையெழுத்தை அடையாளம் கண்டு, “என் குரு” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

பெட்டியை அவரிடம் விட்டுவிட்டு வந்தோம். நாளைக்கு ஒட்டுப் போட்டு ஓரளவு காற்றுப் பிடிக்க வைத்துத் தருகிறேன் என்றார். என்னுடைய கெம்னிட்ஸ் கான்செர்டினாவின் படத்தையும் தைரியம் வரவழைத்துக் காட்டினேன். “அழகான பெட்டி. நூல்கண்டு வைத்துக்கொள்ளலாம்” என்றார். அத்தை சிரித்ததில் மேசை ஆடியது.

ஆறாம் நாள், வியாழன், ஜூலை 13

பெரியவர் ஒரு பழைய காகித உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். இப்போது இருக்கிற நிலையில் 2,800 டாலர். துருத்தியைச் சரிசெய்து, தோல் மாற்றி, முழுக்கச் சுருதி சேர்த்தால் 4,000. அடியில் கோடு போட்டு, ‘600’ என்று எழுதி அடித்திருந்தார்.

நான் விடவில்லை. ஜெர்மனியில் விற்றால் என்ன பெறும் என்று கேட்டேன். உள்நோக்கம் அவருக்குப் புரிந்துவிட்டது. “அங்கே கொண்டுபோனால்தானே?” என்றார். 2009-இல் வந்த 26.531 எண் சட்டம் பந்தோனியோனை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாகப் பாதுகாக்கிறது. 40 வயதைத் தாண்டிய பெட்டியை விற்பதற்காக வெளியே எடுத்துப்போக முடியாது. கச்சேரிக்குப் போகிறவர் கொண்டுபோனாலும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து வந்து வாங்கிப்போனதில் உள்ளூர்ப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளப் பெட்டி கிடைக்காமல் போன கதைக்கு எழுதிய சட்டம். சந்தைக்காரர் என்னிடம் 4,500 கேட்டபோது இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எசெய்சாவில் நின்று அழுதிருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு போற்றும் பெட்டி செய்தது ஜெர்மன் கிராமத்தில். கார்ல்ஸ்ஃபெல்ட் என் வீட்டிலிருந்து அரைநாள் பயணம்கூட இல்லை. ஆனால் ஜெர்மனியில் பரண்களில் அகப்படுவது பெரும்பாலும் வேறு சாதி: கான்செர்டினா, இல்லாவிட்டால் 1924-இல் எல்லாரும் கூடி ஒருமுகப்படுத்திய 144 சுரப் பொத்தான் வரிசை. வெளியே இதே கறுப்பு, இதே முத்திரைகூட இருக்கலாம். பொத்தான் வரிசை வேறு என்பதால் டாங்கோ வாசிப்பவர் தொட மாட்டார், விலையும் பாதாளம். தாத்தா வீட்டுப் பரணில் இரட்டை ‘ஏ’ கிடைத்தது என்று யாராவது துள்ளினால் முதலில் பொத்தானை எண்ணச் சொல்லுங்கள்.

அத்தை இந்தப் பேச்சு எதையும் கேட்கவில்லை. உறையை வாங்கிப் படித்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார். விற்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெரியவர் முழங்காலில் துணி விரித்து, பெட்டியை ஏற்றி, வாசித்துக் காட்டினார். மெதுவான ஒரு வால்ஸ். ஒட்டுப் போட்டும் கொஞ்சம் காற்று போனது; இரண்டு இடத்தில் சுருதி தள்ளாடியது. அத்தை சன்னலைப் பார்த்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பாட்டு அவரை ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

துருத்தி முழுக்க விரிந்தது. பெரியவர் கட்டைவிரலை அழுத்திச் சுருக்கினார். ‘ஹ்ஹா.’

அத்தை சட்டென்று திரும்பினார். “இதுதான்” என்றார். “அவர் ராத்திரி சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். பாட்டு எனக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். இது மட்டும் சுவர் தாண்டி வரும். அவர் மூச்சு விடுகிறார் என்றே நினைத்துக்கொண்டு தூங்குவேன்.” பெரியவரிடம், பாட்டு வேண்டாம், அதை மட்டும் இன்னொரு தரம் செய்யச் சொன்னார்.

அவர் விரித்தார், சுருக்கினார். மூன்று தரம்.

டாக்சியில் பெட்டி அத்தை மடியில். நாளை காலை எனக்கு விமானம். இந்தத் தரம் 8-ஆம் எண் பேருந்து இல்லை.